சாயம் போச்சு சரி, எங்க போச்சு?

போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக நின்றன. முன்பு என்னிடம் டியூஷன் படித்து, இப்போது கல்லூரியில் கடைசி வருடம் வேதியியல் படிக்கிற இரண்டு பிள்ளைகள் ப்ராஜெக்டுக்காக வைத்தவை. நான்கிலும் மெத்திலீன் புளூ கரைத்த தண்ணீர், அதாவது மீன்தொட்டிக் கடையில் மருந்து என்று கொடுப்பார்களே அந்த நீலம். பத்தரை மணிக்கு வைத்தார்கள். சேலத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேலே போய்ப் பார்த்தால் ஒரு டம்ளரில் மட்டும் நீலத்தையே காணோம், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி லேசாக வெளுத்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

கூடவே மாடியேறி வந்த மாமா, சேலத்தில் குகை என்கிற பகுதிப் பக்கம் சாயப்பட்டறைகளில் முப்பது வருடம் மாஸ்டராக இருந்தவர், டம்ளரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "சாயம் போச்சு சரி. எங்க போச்சு?" என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான், அதைப் பிடித்துக்கொண்டு போனாலே ஒளிவினையூக்கி என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

முதலில், சாயம் ஏன் தண்ணீரில் மிஞ்சுகிறது என்று பார்ப்போம். பருத்தி நூலுக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துகொள்வதால் துவைத்தால் சுலபத்தில் போகாது, அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. ஆனால் அது நூலோடு மட்டும் சேராது, தொட்டியில் இருக்கிற தண்ணீரோடும் வினைபுரிந்துவிடும். ஒருமுறை தண்ணீரோடு சேர்ந்த சாயம் அப்புறம் நூலுக்கு ஆகாது. நூலை எடுத்து அலச அலச அது வெளியே வந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு அலசலுக்குப் பிறகுதான் தண்ணீர் தெளியும், அத்தனை அலசல் தண்ணீரும் எங்காவது போயாக வேண்டும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் நுழைந்து காவிரிக்குப் போகிற திருமணிமுத்தாற்றைப் பற்றி சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கமான கழிவுநீர்த் தொட்டியில் பாக்டீரியாதான் வேலைக்காரன். வீட்டுச் சாக்கடையை அது நன்றாகத் தின்னும், சாயத்தை அவ்வளவு சுலபத்தில் தொடாது. தொட்டால் சட்டென்று உடையாமல் இருக்க வேண்டும், சோப்புக்கும் வியர்வைக்கும் வெயிலுக்கும் தாங்க வேண்டும் என்றுதானே அந்த மூலக்கூறையே வடிவமைத்திருக்கிறார்கள்! நூலில் இருக்கும்போது அது நல்ல குணம், ஆற்றில் இருக்கும்போது அதே குணம் வினை. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரித்து அடியில் படியவைக்கலாம், பட்டறைக்காரர்கள் பலரும் செய்வதுதான். நிறம் தண்ணீரிலிருந்து சகதிக்கு இடம் மாறும். அப்புறம் அந்தச் சகதியை எங்கே கொட்டுவது என்று இன்னொரு தலைவலி. கரித்தூளில் வடிகட்டினாலும் இதே கதைதான்.

சாயத்தை இடம் மாற்றாமல் உடைத்தே போட முடியுமா? முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் வீட்டுக் கொடியிலேயே இருக்கிறது. "புதுப்புடவையை வெயில்ல போடாத, நிழல்ல உலர்த்து" என்று அம்மா சொல்வாரே, வெளிச்சம் சாயத்தை உடைக்கும் என்பது அதில் அடக்கம். என்ன, தானாக நடக்க மாதக்கணக்கில் ஆகும். அதையே இரண்டு மூன்று மணி நேரத்தில் நடத்திக்கொடுக்கிற இடையாள்தான் ஒளிவினையூக்கி. வெளிச்சம் பட்டால் வேலை செய்யும், வேலை முடிந்தபின் தான் கரையாமல் அப்படியே மிஞ்சும்.

பிள்ளைகள் டம்ளரில் போட்டது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர்தான் மிரட்டும், ஆள் பழக்கமானவர்தான்: வெள்ளை பெயின்டின் வெண்மை இவர், பற்பசையிலும் சன்ஸ்கிரீனிலும் இவர். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிற இல்மனைட் இவருக்கு மூலப்பொருள். ஏற்காட்டிலிருந்து வெட்டிய பாக்சைட்டில்கூட அலுமினியம், இரும்புக்கு நடுவே கொஞ்சம் டைட்டானியம் உண்டு, அதற்காக மலைச் செம்மண்ணை அள்ளிப் போட்டால் வேலை நடக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள், படிக அமைப்பு சரியாக இருக்க வேண்டும். அனடேஸ் என்கிற படிக வடிவம்தான் இந்த வேலைக்குப் பெரும்பாலும் உகந்தது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஏற்காடு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அடிவாரம், மேலே ஏற்காடு. ஒரு எலக்ட்ரான் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேலே போனால்தான் அதற்கு வேலை. ஆனால் இந்த மலையில் இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றில்கூட இறங்க முடியாது, நடுவழியில் நிற்கிற இடமே கிடையாது, ஏறினால் ஒரே மூச்சில் உச்சிக்கு, இல்லாவிட்டால் அடிவாரத்திலேயே. இந்த இடைவெளிக்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர், அனடேஸுக்கு அது சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கிற அலகு). ஏறுவதற்கான டிக்கெட்டை ஒளித்துகள், அதாவது ஃபோட்டான் கொடுக்கிறது. ஒரு ஃபோட்டானிடம் முழு டிக்கெட்டுக்கான காசு இருக்க வேண்டும். பாதிக் காசு வைத்திருக்கிற சிவப்பு வெளிச்சத்து ஃபோட்டான்கள் லட்சம் வந்தாலும் எலக்ட்ரான் ஏறாது. அதனால்தான் சாதாரண சிவப்பு பல்பை எத்தனை வாட்டில் எரியவிட்டாலும் இந்தப் பொடி அசையாமல் கிடக்கும்.

3.2 எலக்ட்ரான் வோல்ட்டை அலைநீளமாக மாற்றினால் ஏறத்தாழ 388 நானோமீட்டர் வரும். அலைநீளம் குறையக் குறையத்தான் ஃபோட்டானிடம் காசு கூடும், அதைவிடக் குறைந்த அலைநீளம் என்றால் புற ஊதா. நம் தலையில் விழுகிற வெயிலின் ஆற்றலில் புற ஊதா நான்கைந்து சதவீதம்தான். மீதி வெயில் எல்லாம் இந்தப் பொடியைப் பொறுத்தவரை வீண். உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடங்களில் புதுப்புது ஒளிவினையூக்கிகளைத் தேடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். டிக்கெட் விலை குறைந்த மலை வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்திலேயே ஏற வேண்டும். கார்பன் நைட்ரைடு சுமார் 2.7, பிஸ்மத் வனடேட் சுமார் 2.4 என்று ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள், ஆனால் மலை உயரம் குறைந்தால் உச்சியிலிருந்து விழுகிற வேகமும் குறையும், அதாவது உடைக்கிற பலமும் குறையலாம்.

சரி, எலக்ட்ரான் மேலே போய்விட்டது, அடிவாரத்தில் அது இருந்த இடம் காலி. அந்தக் காலி இடத்துக்குத் துளை என்று பெயர், அது பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தாலும் எலக்ட்ரானுக்காகப் பசியெடுத்துக் கிடக்கிற இடம். பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருந்தால் அதனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாறும், ரேடிக்கல் என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கிற துண்டு, பள்ளிப் புத்தகத்தில் தனி உறுப்பு என்று போட்டிருப்பார்கள். இதுதான் கதாநாயகன். ஓசோனையும் குளோரினையும்விட ஆக்சிஜனேற்ற பலம் அதிகம், ஆயுள் மிகமிகக் குறைவு, பிறந்த இடத்திலேயே கையில் கிடைத்ததை அடித்துவிட்டு முடிந்துபோகும். மேலே போன எலக்ட்ரானும் சும்மா இருக்காது, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிடித்து அதையும் ஒரு ரேடிக்கலாக மாற்றும். அதனால்தான் பிள்ளைகளை அடிக்கடி கலக்கிவிடச் சொன்னேன், காற்று உள்ளே போக வேண்டும்.

இதில் ஒரு சோகம் உண்டு. ஏறின எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை ஒரு வேலையும் செய்யாமல் போன வேகத்தில் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும், வெறும் சூடுதான் மிச்சம். அவற்றைப் பிரித்தே வைத்திருப்பதற்காகத்தான் பொடியின் மேல் வெள்ளி தடவுவது, இரண்டு பொடிகளைச் சேர்ப்பது என்று என்னென்னவோ செய்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஆய்வுக் கட்டுரை படிக்கிறவர்கள் முக்கால்வாசி நேரம் படிப்பது இதைத்தான்.

ஜப்பானில் ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்ததை 1972இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் இதைப் பெரிதாகத் திரும்பிப் பார்த்தது. ஐந்து வருடம் கழித்து ஃபிராங்க், பார்டு இருவரும் தண்ணீரில் இருந்த சயனைடை இதே முறையில் உடைத்துக் காட்டினார்கள். ஆனால் பெயின்ட்காரர்களுக்கு இந்த ஆளின் குணம் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். வெயில் படுகிற பழைய சுவரில் கையைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதல்லவா? அதில் டைட்டானியம் டை ஆக்சைடின் கைவரிசையும் உண்டு: தன்னைப் பிடித்துவைத்திருக்கிற பசையையே வெயிலில் தின்றுவிடும். அதைத் தடுக்க நல்ல பெயின்டில் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்காவாலும் அலுமினாவாலும் சட்டை போட்டிருப்பார்கள். ஆகவே பெயின்டுப் பொடியை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்காதீர்கள்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். நான்கு டம்ளர்கள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றில் வெறும் நீலம், வெயிலில். ஒன்றில் வெறும் நீலம், நிழலில், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாவதில் நீலமும் பொடியும், சுற்றிக் கருப்புத் தாள். நான்காவதில் நீலமும் பொடியும், திறந்த வெயிலில். வெளுத்தது நான்காவது. ஆனால் மூன்றாவதிலும் நீலம் சற்று மங்கியிருந்தது! வெளிச்சமே படாமல் எப்படி? அதைத் தெளிய விட்டுப் பார்த்தோம், அடியில் தங்கிய வெள்ளைப் பொடி வெளிர்நீலமாக மாறியிருந்தது. சாயம் உடையவில்லை, பொடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முறையாகச் செய்கிறவர்கள் முதலில் அரைமணி நேரம் இருட்டில் கலக்கி, ஒட்டுகிறதெல்லாம் ஒட்டி முடிந்த பிறகே வெயிலில் வைத்து நேரத்தை எண்ண ஆரம்பிப்பார்கள். இந்த இருட்டுக் கணக்கு இல்லாமல் யாராவது 95 சதவீதம் சாயம் நீங்கியது என்று சொன்னால் நான் நம்புவதில்லை.

மாமா அதோடு விடவில்லை. கீழே போய் ஒரு சிறிய பொட்டலத்தோடு வந்தார். ஹைட்ரோஸ். பட்டறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நிறம் தப்பாக ஏறிவிட்டால் உரித்தெடுக்கப் போடுகிற பொடி. நிழலில் இருந்த டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் நீலம் போய்விட்டது, வெயிலும் இல்லை, பிள்ளைகளின் விலையுயர்ந்த பொடியும் இல்லை. "எம்பொடி உம்பொடிய விட வேகம்" என்று சிரித்தார். பிறகு அதில் பாதியை வேறு டம்ளருக்கு மாற்றி, டீ ஆற்றுகிற மாதிரி இரண்டு டம்ளருக்கும் மாறிமாறி ஆற்றினார். ஆற்ற ஆற்ற, காற்றுப் பட்டு, மேலிருந்து நீலம் திரும்பி வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

மெத்திலீன் புளூ உடையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறும், ஆக்சிஜன் கிடைத்தால் பழையபடி நீலமாகும். வேஷம் மாற்றினதுதான், செத்துப்போகவில்லை. அசோ வகைச் சாயத்தில் ஹைட்ரோஸ் வேறு விதமாக வேலை செய்யும்: நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்திருக்கிற இடத்தை வெட்டிவிடும். நிறம் திரும்பி வராது, ஆனால் வெட்டிய துண்டுகள், அதாவது அரோமாட்டிக் அமீன்கள், நிறமில்லாமல் தண்ணீரிலேயே இருக்கும். அவற்றில் சில புற்றுநோய்க்குக் காரணமானவை. நிறமிருந்த தண்ணீரையாவது பார்த்தால் ஒதுங்குவோம், இது பார்க்கச் சுத்தமாக இருக்குமே!

ஆக, நிறம் போவதற்குக் குறைந்தது மூன்று வழி இருக்கிறது: ஒட்டிக்கொள்ளலாம், ஒளிந்துகொள்ளலாம், உடையலாம். உடைந்தாலும் பாதியில் நிற்கலாம். ஒளிவினையூக்கி வேலையை முழுமையாக முடித்தால் சாயத்தின் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போகும், மெத்திலீன் புளூவில் இருக்கிற கந்தகம் சல்பேட்டாகும், நைட்ரஜன் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறும். இது நடந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மெத்திலீன் புளூ அதிகமாக உறிஞ்சுகிற 664 நானோமீட்டரில் நிறத்தை அளக்கிற கருவியாலும் சொல்ல முடியாது. தண்ணீரில் மிச்சமிருக்கிற கரிமப் பொருள் எவ்வளவு என்று சிஓடி, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை பார்க்க வேண்டும், வசதி இருந்தால் மொத்த கரிமக் கார்பன் பார்க்க வேண்டும். நிறம் விழுகிற வேகத்துக்கு இவை விழாது, பெரும்பாலும் வெகுநேரம் பின்தங்கியே வரும். மாமாவுக்கு என் பதில் இதுதான்: உடைந்திருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். பிள்ளைகள் கல்லூரியில் சிஓடி பார்க்க வேண்டியதாயிற்று, புலம்பிக்கொண்டே பார்த்தார்கள்.

இது மீன்தொட்டி மருந்து. நிஜச் சாயத் தண்ணீர் என்ன செய்யும்? மாமா தெரிந்த இடத்தில் சொல்லி ரியாக்டிவ் சிவப்பின் முதல் அலசல் தண்ணீர் ஒரு கேன் வாங்கிக்கொடுத்தார். பிட்ரூட் சாறு தோற்றுவிடும், அப்படிச் சிவப்பு. பொடியைப் போட்டுக் காலையிலிருந்து மாலைவரை வெயிலில் வைத்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஏனென்றால் பாடம் நடத்த இதைவிட நல்ல தோல்வி கிடைக்காது.

முதல் காரணம், வெளிச்சம் உள்ளேயே போகவில்லை. அடர்ந்த சாயத்தில் வெளிச்சம் மேல்பரப்போடு நின்றுவிடும், கீழே இருக்கிற பொடிக்கு அது நடுராத்திரி. பொடியை அள்ளிப் போட்டாலும் பயனில்லை, பொடியே வெளிச்சத்தை மறைக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவைச் சுற்றித்தான் பெரும்பாலும் நல்ல பலன் வருகிறது. இதனால்தான் இதைப் பெரிய அளவில் செய்ய நினைக்கிறவர்கள் ஆழமான தொட்டி கட்டுவதில்லை, கண்ணாடிக் குழாய்களில் மெல்லிய நீரோட்டமாக விடுவார்கள், பின்னால் வளைந்த பளபளப்பான உலோகத் தகடு வெளிச்சத்தைத் திருப்பும். ஸ்பெயினில் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெயில் நமக்கும் குறைவில்லை, இடம்தான் குகையிலும் அம்மாபேட்டையிலும் கிடைக்காது.

இரண்டாவது காரணம் நுணுக்கமானது. தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்கிற அளவுதான் பிஹெச், ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். அது ஆறு, ஆறரைக்கு மேலே போனால் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெறும். மெத்திலீன் புளூ நேர்மின்னேற்றம் கொண்டது, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயமோ எதிர்மின்னேற்றம் கொண்டது, சாயம் நூலில் பிடிக்கப் போட்ட சோடா அலசல் தண்ணீரில் இருப்பதால் பிஹெச்சும் உயரம். இரண்டும் எதிர்மின்னேற்றம் என்றால் ஒன்றையொன்று தள்ளிவிடும். ரேடிக்கல் பிறந்த இடத்திலேயே செத்துப்போகிற ஜீவன் என்று சொன்னேனே, சாயம் பக்கத்திலேயே வராவிட்டால் யாரை அடிப்பது? போதாக்குறைக்குத் தண்ணீரில் இருக்கிற கார்பனேட்டும் குளோரைடும் ரேடிக்கலை நடுவில் பிடித்து விழுங்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் மெத்திலீன் புளூ எல்லா இடத்திலும் வெற்றிக்கொடி நாட்டுவதற்கும் பட்டறைத் தண்ணீரில் அந்த வெற்றி காணாமல் போவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுலபமான மாணவனுக்குத் தேர்வு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடமே பாஸ் என்று சொல்ல முடியாதல்லவா.

மறுநாள் அதே சிவப்பைப் பத்து மடங்கு நீர்த்து, பிள்ளைகள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பிஹெச்சை நான்குக்கு இறக்கினோம். அடியகன்ற தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, பொடி போட்டு, வெயிலில் வைத்தோம். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பொடியை அள்ள வேண்டும், காற்றில் பறக்கிற மாவு, மூச்சில் போகக் கூடாது. மூன்று மணிக்குச் சிவப்பு ரோஜா நிறத்துக்கு வந்தது, நாலரைக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பொடியைத் திரும்ப எடுக்கிறதுதான் பெரும்பாடாகிவிட்டது, காபி வடிகட்டுகிற துணியில் எல்லாம் நிற்காது. இதற்காகத்தான் கண்ணாடி மணியிலோ ஓட்டிலோ பொடியைப் பூசி ஒட்டவைக்கிறார்கள், இல்லாவிட்டால் காந்தத்தால் இழுக்கிற மாதிரி இரும்பு ஆக்சைடோடு சேர்க்கிறார்கள். ஒட்டவைத்தால் வெளிச்சமும் சாயமும் படுகிற பரப்பு குறையும், வேகம் விழும்.

அப்படியானால் இதற்குப் பட்டறையில் இடமே இல்லையா? இருக்கிறது, தலைமை வேலை இல்லை. பாக்டீரியா தின்ன முடியாத மூலக்கூறைத் துண்டாக்கித் தின்னக்கூடியதாக ஆக்கிக் கொடுக்கலாம், அல்லது எல்லாம் முடிந்து கடைசியில் லேசாக நிற்கிற நிறத்தைத் துடைக்கலாம், ஆர்ஓ சவ்வு அடைத்துக்கொள்ளாமல் முன்னால் நின்று காக்கலாம். முழுத் தொட்டிச் சாயத்தை இதன் தலையில் கட்டினால் தாங்காது.

தட்டில் தெளிந்த தண்ணீரை மாமா நாலரை மணிக்குக் குனிந்து பார்த்தார், திருப்தியாகத்தான் தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டரை, அதாவது கரைந்த உப்பை அளக்கிற கருவியை எடுத்தார். ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற லிட்டருக்கு 50, 60 கிராம்கூட உப்பு போட வேண்டியிருக்கும், அதை முப்பது வருடம் மூட்டை மூட்டையாகக் கொட்டின கை அவருடையது. வெளியேற்றும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது மாசுக்கட்டுப்பாட்டு விதி. காலையில் அமிலம் விட்டபின் அளந்து சுவரில் கரியால் எழுதிவைத்திருந்தார்: 3,840. இப்போது மீட்டரைத் தட்டில் நனைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். 3,960.

"ஏப்பா, ஏறியிருக்கு?"

"வெயில்ல தண்ணி ஆவியாயிருச்சு மாமா. உப்பு அப்படியே நிக்குது."